தலையாட்டினால் விளங்கிவிட்டதா? நோயாளியிடம் பேசுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் டாக்டரிடமோ நர்ஸிடமோ எதிர்க்கேள்வி கேட்பது குறைவு. சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார்கள், "சரிங்கம்மா" என்பார்கள். அது நமக்குத் தருகிற மரியாதை. சொன்னது விளங்கிவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெரிய ஆஸ்பத்திரி வார்டிலும் நர்ஸாக வேலை பார்த்ததில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது: அறைக்குள் தலையாட்டிவிட்டு வந்தவர், மருந்து கொடுக்கும் ஜன்னல் பக்கம் நின்று யாரோ ஒருவரிடம் "இதை எப்ப போடணும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இது நம் ஊர்க்காரர்களின் குறை அல்ல. மருத்துவப் பணியாளர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனே மறந்துபோகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர் கெசல்ஸ் 2003-ல் எழுதினார். நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தப்பாகவே நிற்கிறதாம். பயம், வலி, கூட்டம், புதுச் சொற்கள் எல்லாம் சேர்ந்தால் படித்தவருக்கும் இதே கதிதான்.

ஆகவே நாம் எவ்வளவு நன்றாகப் பேசினோம் என்பதை நாம் சொன்னதை வைத்து அளக்க முடியாது. அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார் என்பதுதான் அளவு. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் நோயாளியிடம் பேசுவதும் ஒரு பாடமாகச் சேர்ந்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் நோயாளி அதிக நேரம் பார்ப்பது டாக்டரை அல்ல. நர்ஸ், மருந்தாளுநர், லேப் ஆள், கிராம சுகாதார செவிலியர், வீடு தேடிப் போகும் தன்னார்வலர் ஆகிய நம் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

படி 1: உட்கார வையுங்கள், ஊரைக் கேளுங்கள்

முதலில் நாற்காலி. நின்றுகொண்டே பேசுகிற நோயாளி பாதியைச் சொல்லாமல் கிளம்பிவிடுவார். நீங்களும் உட்காருங்கள், இரண்டு பேர் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். காது மந்தமான பெரியவர் என்றால் எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று விசாரித்து அந்தப் பக்கம் நாற்காலியைப் போடுங்கள். கத்திப் பேசினால் அவருக்குத் திட்டுவது போல இருக்கும். அவருடைய நோயும் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்து, "எந்த ஊர்? திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ்?" வெறும் உபசாரத்துக்காக இதைக் கேட்கச் சொல்லவில்லை. 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு களக்காடு, வள்ளியூரிலிருந்தும் வருகிறார்கள், 2019-ல் தனி மாவட்டமாகப் பிரிந்த தென்காசிப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். மலையடிவாரத்துக் கிராமத்துக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்ற நினைப்பில் இருப்பவர் காதில் நாம் சொல்வது ஏறாது. பஸ் நேரம் தெரிந்தால் எதை இப்போதே சொல்வது, எதை அடுத்த தடவைக்கு வைப்பது என்று நாமும் முடிவு செய்யலாம்.

படி 2: கூப்பிடுகிற விதம்

வயதான அம்மாவை "ஆச்சி" என்றும், மூத்த ஆணை "அண்ணாச்சி" என்றும் கூப்பிட்டால் முகம் மலர்வதை இங்கே பார்க்கலாம். எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தயக்கமாக இருந்தால் "ஐயா", "அம்மா" போதும், யாரையும் உறுத்தாது. பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "இசக்கியம்மா, வாங்க" என்று கூப்பிடுங்கள். "அந்த சுகர் கேஸ்", "பெட் நம்பர் 12" என்பதெல்லாம் நமக்குள் பேசும்போதுகூட வேண்டாம். நோயாளி காதில் எப்படியும் விழும்.

எந்த வயதுக்காரராக இருந்தாலும் ஒருமையில் பேசாதீர்கள். "ஏல", "ஏளா" எல்லாம் வீட்டுக்குள் பாசம். ஆஸ்பத்திரி மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து வந்தால் அவமானம். யாரை "நீங்க" என்கிறோம், யாரை "நீ" என்கிறோம் என்பதற்கு இந்த மாவட்டத்தில் ஒரு நீண்ட, கசப்பான வரலாறு இருக்கிறது. சட்டையைப் பார்த்து, ஊர்ப் பேரைக் கேட்டு நம் குரல் மாறுகிறதா என்பதை நோயாளி கவனித்துக்கொண்டே இருக்கிறார். ஒருமுறை அப்படிப் பட்டுவிட்டால் அடுத்த முறை அவர் வரமாட்டார், அல்லது வந்து உண்மையைச் சொல்லமாட்டார்.

படி 3: முதல் இரண்டு நிமிடம் அவருடையது

"என்ன செய்யுது? சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பேனாவையும் கீழே வைத்துவிடுங்கள்.

அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் 1984-ல் டாக்டர்களின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிட்டார். விட்டால் மணிக்கணக்கில் பேசுவார்களே என்றுதான் நமக்குப் பயம். சுவிட்சர்லாந்தில் 2002-ல் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தபோது சராசரி நோயாளி 92 விநாடியில் தானே பேசி முடித்தார். நம் ஊரில் சிலர் பேத்தி கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள் என்பது உண்மைதான். அந்தக் கல்யாணத்தில்தான் மாத்திரையை விட்டிருப்பார். கேட்டால் அது தெரியும்.

பேசி முடித்ததும் "வேற ஏதாவது இருக்கா?" என்று ஒருமுறை கேளுங்கள். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு "அப்புறம் ஒண்ணும்மா, நடந்தா கொஞ்சம் நெஞ்சு அடைக்கி" என்று சொல்கிறவர்கள் ஏராளம். முக்கியமானது கடைசியில்தான் வரும். அதைச் சொல்லக் கூச்சம், அல்லது பயம். நாமே கேட்டுவிட்டால் கதவு வரைக்கும் அது தள்ளிப் போகாது.

படி 4: அவர் வலியை அவர் பேச்சிலேயே கேளுங்கள்

வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த டாக்டர்கள் திணறுகிற இடம் இது. "மேலுக்கு முடியலை" என்றால் உடம்பு சரியில்லை என்று மட்டும் அர்த்தம். காய்ச்சலா, அசதியா, மாதவிடாய்த் தொல்லையா என்று தனியாகக் கேட்க வேண்டும். "கிறக்கமா வருது" என்கிறவருக்குத் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, பசி மயக்கமா? சர்க்கரை நோயாளி கிறக்கம் என்றால் உடனே சர்க்கரை அளவைக் குத்திப் பாருங்கள், பேச்சு பிறகு. "முழுகாம இருக்கா" என்று மாமியார் சொன்னால் கர்ப்பம். "வீட்டுக்குத் தூரம்" என்றால் மாதவிடாய். "எளைப்பு" என்பதை மூச்சு வாங்குவதற்கும் சொல்வார்கள், வெறும் களைப்புக்கும் சொல்வார்கள், "படுத்தா மூச்சு முட்டுதா, எந்திரிச்சு உக்காந்தா சரியாகுதா?" என்று கேட்டால் பிரிந்துவிடும்.

வலியிலும் அப்படித்தான். குடைச்சல், உளைச்சல், கடுப்பு, காந்தல், சுருக்கென்று குத்துவது, விண்விண் என்று தெறிப்பது என்று எத்தனையோ வகையாகச் சொல்வார்கள். "வலி" என்று ஒரே வார்த்தையில் எழுதி வைக்காமல் அவர் சொன்ன சொல்லையே சீட்டில் எழுதுங்கள். பாதம் "எரியுது, மதமதன்னு இருக்கு" என்றால் சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கலாம். "மூட்டு கடுக்கு" என்பது வேறு வழி.

எல்லாவற்றையும்விட ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது "வாய்வு". நெஞ்சில், முதுகில், இடது தோளில், மேல் வயிற்றில் எங்கே பிடித்தாலும் இங்கே வாய்வு என்பார்கள். பூண்டையும் சுக்கையும் தட்டிப்போட்டுக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கப் பொறுத்திருந்து காலையில் வருவார்கள். "வாய்வுதான்" என்று அவரே முடிவு சொன்னாலும் அதோடு வியர்த்ததா, வாந்தி வந்ததா, நடந்தால் கூடுகிறதா என்று கேட்டு ஈ.சி.ஜி. எடுக்க அனுப்புங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சுவலி பலமாக இல்லாமலே போகலாம். "வாய்வு இல்லைம்மா" என்று அவரோடு வாதாட வேண்டாம். "வாய்வா இருந்தா சந்தோசம். எதுக்கும் ஒரு ஈ.சி.ஜி. பாத்துருவோம்" என்றால் மறுப்பில்லாமல் வருவார்.

படி 5: சொல்லாமல் வைத்திருப்பதை வரவழைப்பது

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "போடுதேன்" தான். கேள்வியிலேயே கண்டிப்பு இருக்கிறதே, வேறென்ன சொல்வார்? "தினமும் போடுறது கஷ்டந்தான், எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். உங்களுக்குப் போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். தவறுவது சகஜம் என்று நாமே சொல்லிவிட்டால் உண்மை வெளியே வரும்.

குடி, புகையிலை, நாட்டு மருந்து எல்லாவற்றுக்கும் இதே வழி. சித்த மருந்தோ கசாயமோ சாப்பிடுகிறவரைத் திட்டினால் அதை மறைப்பார். மறைத்தால் எந்த மருந்து எதனோடு சேர்கிறது என்பது நமக்குத் தெரியாமல் போகும். "கொண்டு வந்திருந்தா காட்டுங்க, பேரை எழுதி வச்சுக்கிடுதேன்" என்று கேளுங்கள்.

உணவில் ஒரு சங்கதி. "சீனி தொடுறதே இல்லைம்மா" என்பார். உண்மையாகவே தொடமாட்டார். மூன்று வேளையும் கருப்பட்டிக் காபி குடிப்பார், வெயில் காலத்தில் பதநீரும் உண்டு. கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று இந்தப் பக்கம் பலர் நம்புகிறார்கள். ஆகாது, அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பிரஷர்காரரிடம் "உப்பு குறைங்க" என்றால் குழம்பில் குறைப்பார்; அப்பளம், வத்தல், ஊறுகாய், கருவாடு, பழையதோடு கடிக்கும் உப்பு மிளகாய் எல்லாம் கணக்கில் வராது. ஆகவே "சாப்பாடு எப்படி?" என்று கேட்காமல் "நேத்து காலையில எந்திரிச்சதுலருந்து என்னென்ன சாப்பிட்டீங்க, குடிச்சீங்க?" என்று வரிசையாகக் கேளுங்கள்.

பெண்கள் வெள்ளைப்படுவதையும் மார்பில் கட்டி இருப்பதையும் ஆண்கள் இருக்கும் அறையில் சொல்லமாட்டார்கள். கணவரையும் மகனையும் "கொஞ்சம் சீட்டு பதிஞ்சுட்டு வாங்க" என்று வெளியே அனுப்பிவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று கேளுங்கள். பீடி சுற்றுகிற பெண்களிடம் "இருமல் எத்தனை நாளா?" என்று மறக்காமல் கேட்க வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பலர் புகையிலைத் தூசியில் இருமுவதை வேலையோடு வருகிற சாதாரண விஷயமாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

படி 6: நோயைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்

ஒரு சந்திப்பில் மூன்று விஷயம் போதும்: இது என்ன நோய், இப்போது என்ன செய்ய வேண்டும், எப்போது பயப்பட வேண்டும். அவர் கையாளும் பொருளை வைத்து விளக்குங்கள். விவசாயிக்கு ரத்த அழுத்தத்தைச் சொல்ல பம்பு செட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது: பைப்பு இறுகினால் மோட்டாருக்குச் சுமை கூடும், பைப்பும் ஒருநாள் வெடிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே, மாத்திரை எதுக்கு?" என்ற கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிடும்.

"இப்படியே விட்டா காலை எடுக்க வேண்டியதுதான்" என்று மிரட்டுவது சில இடங்களில் வழக்கம். இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. பயந்தவர் அடுத்த மாதம் பரிசோதனைக்கே வரமாட்டார்.

படி 7: மருந்து

இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது, ஆகவே இங்கேதான் அதிக நேரம் செலவாக வேண்டும்.

அரசு மருந்தகத்தில் மாத்திரைகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருகின்றன. ஒரே மருந்து ஒரு மாதம் ஒரு கம்பெனியிலிருந்து வெள்ளையாக வரும், அடுத்த மாதம் வேறு கம்பெனியிலிருந்து வேறு நிறத்தில், வேறு அளவில் வரும். நோயாளியோ "வெள்ளை வட்ட மாத்திரை", "சிவப்பு மாத்திரை" என்றே அடையாளம் வைத்திருப்பார். மாறி வந்தால் புது மருந்து என்று நினைத்து வீட்டில் மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்துப் போடுவார்; அல்லது "வேற மாத்திரையைக் குடுத்துட்டாங்க" என்று போடாமலே விடுவார். நிறம் மாறியிருந்தால் கையில் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: "அதே சுகர் மாத்திரைதான், கம்பெனி மாறியிருக்கு. பழசு மிச்சம் இருந்தா அதைத் தீர்த்துட்டு இதை ஆரம்பிங்க. ரெண்டையும் சேர்த்துப் போடக்கூடாது." இந்த ஒரு பேச்சுக்கு அரை நிமிடம் ஆகாது.

உறையில் "1-0-1" என்று எழுதுவதைப் பலரால் படிக்க முடியாது. சூரியன், உச்சி வெயில், நிலா என்று படம் வரையுங்கள். உணவுக்கு முன்னா பின்னா என்பதற்குத் தட்டு ஒன்றைப் போட்டு, முன்னால் அல்லது பின்னால் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று வகை மாத்திரை இருந்தால் மூன்றையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றையும் அவர் கையாலேயே எடுத்து உறையில் போடச் செய்யுங்கள்.

"உணவுக்கு முன்", "வெறும் வயிறு" என்பதை ஊர் வழக்கத்துக்கு ஏற்ப உடைத்துச் சொல்ல வேண்டும். காபியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரச்சொன்னால் விடிகாலைக் காபியைக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். "ராத்திரி சாப்பிட்ட பிறகு பச்சத் தண்ணி மட்டும். காபி, டீ, பதநீர், நீத்தண்ணி எதுவும் கூடாது" என்று பேர் சொல்லித் தடுக்க வேண்டும். அதோடு, வெறும் வயிறு என்றதும் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருவார்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய அதைத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வரலாம் என்பதையும் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதே காபிச் சிக்கல்: மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி.

பயந்து நிறுத்திவிடுகிற மருந்துகள் சில உண்டு. இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கறுத்துப் போகும். காசநோய் மருந்தில் ரிபாம்பிசின் இருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று நினைத்து நிறுத்துவார்கள். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்கள்தான் மீண்டும் படுக்கிறார்கள். "உங்களுக்கு நல்லாயிருச்சுன்னு தோணும். அப்பதான் மாத்திரையை விடவே கூடாது" என்று முதல் நாளே சொல்லுங்கள்.

இன்சுலின் தனிப் பாடம். அரசு ஆஸ்பத்திரியில் தருகிற குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு 40 யூனிட் சிரிஞ்சுதான் வேண்டும். வெளிக்கடையில் 100 யூனிட் சிரிஞ்சு வாங்கிவிட்டால் அளவு தப்பும். சிரிஞ்சை வாங்கி வரச்சொல்லி, நம் முன்னால் ஒருமுறை மருந்தை உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானைத் தண்ணீரில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மிதக்க விடுவது நல்ல வழி. பிரிட்ஜ் இருந்தால் ஐஸ் தட்டில் வைக்கக் கூடாது; உறைந்துபோன இன்சுலின் வீண்.

குழந்தைக்கு வயிற்றோட்டம் என்று ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொடி கொடுக்கும்போது "ஒரு லிட்டர் தண்ணியில கலக்குங்க" என்றால் எத்தனை டம்ளர் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டுங்கள். பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுத்தால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்து. துத்தநாக மாத்திரை 14 நாள். போக்கு நின்ற பிறகும் கொடுக்கணும்.

படி 8: திருப்பிச் சொல்ல வைப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "விளங்குச்சா?" என்று கேட்கவே வேண்டாம். "நான் சரியா வெளங்குத மாதிரி சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுல உங்க மக கேட்டா எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். சோதனை நோயாளிக்கு அல்ல, நமக்கு என்று ஆகிவிடும், கூச்சம் போகும்.

முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றுகிற ஓர் அக்காவோடு நடந்த பேச்சு இது. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, மெட்பார்மின் என்ற இரண்டு மாத்திரையும் எழுதியிருந்தார் டாக்டர். விளக்கியதற்கெல்லாம் அந்த அக்கா தலையாட்டியிருந்தார்.

"அக்கா, காலையில எதை, எப்ப போடுவீங்க?"

"இந்தச் சின்னதைக் காலையில எந்திரிச்சதும் போட்டுருவேன்."

"போட்டதும் சாப்பிடுவீங்களா?"

"காலையில எங்க சாப்பிட? ஏழு மணிக்குத் தட்டை மடியில எடுத்தா பத்து மணிக்கு மேலதான் எறக்குவேன். அப்பதான் ரெண்டு வாய் பழையது."

"அதுவரைக்கும்?"

"ஒரு காபி. பொறவு கையெல்லாம் நடுங்கும், வேர்க்கும். பீடி சுத்துத வேகத்துல அப்படின்னு நெனச்சேன்."

கிளிமிபிரைடு சாப்பாட்டை ஒட்டிப் போட வேண்டிய மாத்திரை. போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அந்த நடுக்கம் அதுதான். டாக்டரிடம் சொன்னதும், மாத்திரையைப் பத்து மணிச் சாப்பாட்டோடு சேர்த்து மாற்றி எழுதினார். நடுங்கினால் உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதையும் சொல்லி, அதையும் திருப்பிச் சொல்ல வைத்தோம். "விளங்குச்சா?" என்று கேட்டிருந்தால் "சரிங்கம்மா" என்று போயிருப்பார்.

எல்லாவற்றையும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். தப்பினால் ஆபத்தான ஒன்றிரண்டை மட்டும் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் "இல்லை" என்று ஆரம்பிக்காமல் வேறு விதமாக மறுபடி விளக்கி, மறுபடி கேளுங்கள். நேரமில்லை என்பீர்கள். ஒரு நிமிடம் ஆகும். கிறக்கம் போட்டு விழுந்து 108-ல் வருவதற்கு ஆகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

படி 9: கூட வந்தவர்களும் கெட்ட செய்தியும்

நம் ஊரில் நோயாளி தனியாக வருவது அபூர்வம். மகன் பேசுவார், மருமகள் பேசுவார், பக்கத்து வீட்டு மாமாகூடப் பேசுவார். நோயாளி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் கேள்வியை நோயாளியைப் பார்த்துக் கேளுங்கள். பிறகு வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பது யார் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது நீட்டி முழக்குகிறவர் அல்ல, பின்னால் நிற்கிற மருமகளோ பள்ளிக்கூடத்தில் படிக்கிற பேத்தியோதான். படி 8 அவருக்கும் சேர்த்து நடக்கட்டும். தமிழ் தெரியாத வெளி மாநிலத் தொழிலாளி வந்தால், மொழி தெரிந்த ஊழியரையோ போனில் ஒருவரையோ பிடியுங்கள். கூட வந்த சின்னப் பையனை வைத்துக் குடும்பத்து நோயைப் பேச வேண்டாம்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குவதும் பேச்சில் சேர்ந்ததுதான். ஒரு பரிசோதனைக்குச் சம்மதம் வாங்கிவிட்டு அதையே சிகிச்சைக்கும் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008-ல் தீர்ப்பளித்தது. என்ன செய்யப் போகிறோம், எதற்கு, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன, வேறு வழி உண்டா என்ற ஐந்தையும் சொல்லிவிட்டுத்தான் பேனாவை நீட்ட வேண்டும். மயக்கமில்லாத, சுயநினைவுள்ள பெரியவர் இருக்கும்போது மகனிடம் மட்டும் கையெழுத்து வாங்குவது சரியல்ல.

புற்றுநோய் என்றால் "அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்று பிள்ளைகள் வழிமறிப்பார்கள். அது அன்பில் வருகிற வேண்டுதல், கோபப்படாதீர்கள். "நானா போய்ச் சொல்லமாட்டேன். அவரா கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்று பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு, பெரியவரிடம் "உங்க நோயைப் பத்தி எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, இல்லை மகன்கிட்ட பேசிக்கிடட்டுமா?" என்று கேளுங்கள். பலர் "எனக்குத் தெரியும்மா, அவன்தான் பயந்துக்கிடுதான்" என்பார்கள்.

சொல்லும்போது கதவைச் சாத்தி, உட்கார்ந்து, போனை அணைத்து, "கொஞ்சம் கஷ்டமான விஷயம் சொல்லணும்" என்று முதலில் தயார்ப்படுத்துங்கள். பிறகு நேராகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாதீர்கள். அழட்டும். சுற்றி வளைத்த பேச்சு இங்கே கேடு செய்யும். இனிச் சிகிச்சை பலிக்காது என்ற நிலையில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னால், குணமாகிவிட்டது என்று எண்ணி ஊருக்குப் போன் போட்டுச் சந்தோஷமாகச் சொல்கிற குடும்பங்கள் உண்டு. இறந்துவிட்டால் "இறந்துட்டாங்க" என்றே சொல்ல வேண்டும்.

வரிசையில் காத்திருந்து கோபத்தில் கத்துகிறவருக்குப் பதில், சட்டம் பேசுவது அல்ல. "ரொம்ப நேரம் நின்னுட்டீங்க. இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க, அரை மணி நேரம் ஆகும்" என்று உண்மையான நேரத்தைச் சொன்னாலே பாதிக் கோபம் தணியும்.

படி 10: வாசலுக்கு வெளியே

ஐகிரவுண்டுக்கு அனுப்புகிறோம் என்றால் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். எதற்காக அனுப்புகிறோம், இங்கே என்ன மருந்து கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று தெளிவான எழுத்தில் எழுதுங்கள். பக்கவாதம் என்றால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரம் கட்டாயம் வேண்டும். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எந்தக் கட்டடம், எந்த வாசல், யாரைக் கேட்பது என்பதையும் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய சீட்டு எல்லாம் கையில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

காசநோய், எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சையில் இருப்பவர் வீட்டுக்குப் போகும்போது தெருவில் நின்று நோயின் பேரைச் சொல்லி விசாரிக்காதீர்கள். சின்ன ஊரில் ஒரு விசாரிப்பே கல்யாணப் பேச்சை நிறுத்திவிடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் நமக்குத் தந்த பெரிய வசதி, நோயாளியின் வீட்டுக்குள்ளேயே போய்ப் பேச முடிவது. ஆஸ்பத்திரியில் தெரியாதது அங்கே தெரியும். மாத்திரை அடுப்பங்கரை ஜன்னலில் வெயிலில் இருக்கலாம். இறந்துபோன தாத்தாவின் பிரஷர் மாத்திரையை ஆச்சி வீணாக்காமல் போட்டுக்கொண்டிருக்கலாம். டப்பாவை எடுத்துவரச் சொல்லி, போன மாதம் கொடுத்ததில் எத்தனை மிச்சம் என்று அவர் முன்னாலேயே எண்ணுங்கள். கணக்கு உதைத்தால் "ஏன் போடலை?" என்று கேட்காமல் "எந்த வேளைதான் போட முடியாமப் போகுது?" என்று கேளுங்கள். நடவுக்குப் போகிற காலையா, பேரனைக் குளிப்பாட்டுகிற சாயந்திரமா என்று பதில் வந்ததும் குறிப்பேட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். வேளையை மாற்றி எழுத முடிந்தால் அவர் மாற்றுவார். மாற்றிய பிறகு ஒரு தடவை திரும்பப் போய், புது வேளையை ஆச்சி வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.